நம்ம ஊர்ச் சாமிக்கு ஏன் குதிரை?

நாகர்கோவிலில் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "நம் மாவட்டத்தில் மலை உண்டு, கடல் உண்டு, வயல் உண்டு, யானைகூட உண்டு. குதிரையை மட்டும் காணோம். ஆனால் சாமி வேட்டைக்குப் போவது குதிரையில்தான். கிரேக்கர்களுக்கு இறக்கை வைத்த குதிரை, ஐரோப்பாக்காரர்களுக்கு ஒற்றைக் கொம்புக் குதிரை, நம் கோயில் தூணில் யாளி. இதெல்லாம் எப்படி வந்தது? இதில் ஒன்றாவது உயிரோடு இருந்ததா?"

நல்ல கேள்வி தம்பி. எனக்குப் பல வருடமாகப் பிடித்த விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நான் நம்புவதைச் சொல்லிவிடுகிறேன். குதிரை நிறைய இருந்த நாட்டில் அது கூட வளர்ந்த தோழன். அதன் பாலைக் குடித்தார்கள், அதன் மேலேயே தூங்கினார்கள். அது எங்கிருந்தோ, அதுவும் தண்ணீர் தாண்டி வந்து இறங்கிய நாட்டில்தான் சாமிக்குப் பக்கத்தில் போய் நின்றது. இறக்கையும் நெருப்பும் அலையும் அதற்கு முளைத்ததும் அங்கேதான். எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது, பொருந்தாத இடத்தையும் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். விஜயதசமி அன்று கன்னியாகுமரி பகவதி அம்மன் வெள்ளிக்குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வழியெல்லாம் எலுமிச்சை மாலை சார்த்துவார்கள், அங்கே போய் அம்பு எய்து பாணாசுரனை முடிப்பாள். பரி என்றாலே குதிரைதான். மற்ற நாளெல்லாம் கடலைப் பார்த்து ஜபமாலையோடு நிற்கிற குமரிப் பெண், சண்டை என்று வந்தால் குதிரை ஏறுகிறாள். சாமிதோப்பில் கொடியேற்றுத் திருநாளின் எட்டாம் நாள் கலிவேட்டை; அய்யா வைகுண்டர் வெள்ளைக்குதிரை வாகனத்தில் முத்திரிக்கிணற்றுக்குப் போய்க் கலியை வேட்டையாடுகிறார். ஒன்று நவராத்திரி, ஒன்று அய்யாவழி, ஆனால் இரண்டிலும் குதிரை, இரண்டிலும் வேட்டை. கலி முடிகிறபோது வருகிற கல்கிக்கும் வெள்ளைக்குதிரைதான். பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தில் வானம் திறந்து வருவதும் வெள்ளைக்குதிரைதான். புத்தர் அரண்மனையை விட்டுப் போன இரவில் ஏறிய காந்தகமும் வெள்ளை என்றே சொல்வார்கள்.

சரி, நிஜக் குதிரை இங்கே எப்படி வந்தது? பட்டினப்பாலை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: "நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்." கப்பலில் வந்திறங்கிய குதிரை. மாணிக்கவாசகர் கதையும் அதே துறைமுகக் கதைதானே. பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்து அனுப்புகிறான், அவர் அதைக் கோயிலுக்குச் செலவழிக்கிறார், நரி பரியாகிறது, இரவில் பரி மறுபடி நரியாகி ஊளையிடுகிறது. இந்தக் கதையை அற்புதமாக மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு ராஜா கஜானாவைத் திறந்து ஒரு மந்திரியையே அனுப்பி வாங்க வேண்டிய பொருளாகக் குதிரை இருந்திருக்கிறது, வாங்கி வந்தது ராத்திரியோடு கைவிட்டுப் போகும் என்கிற பயமும் கூடவே இருந்திருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரச குடும்பத்தார் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருடம் முடியும்போது அதில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்து வணிகர்கள்தான் கொண்டுவந்து விற்றவர்கள். குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஆள் இங்கே கிடையாது, அப்படிப்பட்ட ஆளைக் கூட்டிவரவும் வணிகர்கள் விடமாட்டார்கள், ஏனென்றால் குதிரை செத்தால்தான் அடுத்த வருடம் வியாபாரம். தீனி என்னவென்றால், சோற்றோடு கறி சேர்த்து வேகவைத்துப் போட்டார்களாம். இதில் எனக்குக் கொடுமையாகப் படுவது அந்தத் தீனிதான். வெறுப்பில் போட்டதில்லை அது. நமக்கு உயர்ந்ததாகத் தெரிவதை அதற்கும் கொடுத்திருக்கிறார்கள்.

இதே கதை உலகத்தின் மறுபக்கத்தில் அப்படியே நடந்திருக்கிறது. 1525இல் கோர்ட்டெஸ் என்ற ஸ்பானியப் படைத்தலைவன் மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் போகிறான். இன்றைய குவாத்தமாலாவில் பெத்தேன் ஏரித் தீவில் இருந்த இட்சா மாயா மக்களிடம், கால் அடிபட்ட தன் குதிரை ஒன்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போகிறான். திரும்பி வரவே இல்லை. அந்த மக்கள் அதுவரை குதிரையைக் கண்டதில்லை. பெரிய விருந்தாளிக்குப் போடுவதுபோல அதற்குக் கோழிக்கறியும் பூவும் வைத்தார்கள். அது செத்தது. பயந்துபோய்க் கல்லிலும் சுண்ணாம்பிலும் ஒரு குதிரை உருவம் செய்து, இடியோடு சேர்த்துப் பெயர் வைத்துக் கும்பிட்டார்கள். 1618இல் அங்கே போன இரண்டு பாதிரியார்கள் அந்தச் சிலையைப் பார்த்தார்கள், ஒருவர் ஆத்திரத்தில் கல்லால் அடித்து உடைத்தார். ஒரே ஒரு நொண்டிக் குதிரை, தொண்ணூறு வருடத்தில் ஒரு சாமி. புராணம் எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் போய்ப் பாருங்கள். வேளார்கள் சுட்டுச் செய்து, வரிசையாக நிறுத்தி, வருடா வருடம் புதுசு வைத்து, பழசை அப்படியே மண்ணோடு கரைய விட்டுவிடுவார்கள். மழைக்கும் வெயிலுக்கும் தாங்காத, சோறு கறி போட்டால் சாகிற மிருகத்தை, சாகாத மண்ணில் செய்து ஊர் எல்லையில் நிறுத்திய மாதிரிதான் எனக்குத் தோன்றும். இது என் எண்ணம், கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அய்யனாரை சாஸ்தா என்கிறோம். குதிரைப்பந்திவிளை என்று நம் மாவட்டத்தில் ஓர் ஊர் இருக்கிறதே, பந்தி என்றால் குதிரை லாயம். யாரோ ஒரு காலத்தில் அங்கே குதிரை கட்டியிருக்கிறார்கள், பெயர் மட்டும் விளையோடு நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இன்னொரு விஷயம். குதிரை இனமே ஆதியில் அந்தக் கண்டத்தில் உருவானதுதான், ஆனால் சுமார் 10,000 வருடம் முன்பு அங்கே அழிந்துபோனது. 1519இல் கோர்ட்டெஸ் 16 குதிரைகளோடு இறங்கியபோது மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களிடம் அதற்குச் சொல்லே இல்லை, மான் என்று சொன்னார்கள். வடக்கே லகோட்டா மக்கள் "புனித நாய்" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், ஏனென்றால் அதுவரை அவர்கள் சுமையை இழுத்தது நாய்தான். அப்புறம் சில தலைமுறையிலேயே நவஹோ மக்களின் கதையில் சூரியனுக்கே குதிரைகள் வந்துவிட்டன. ஒன்று நீலப்பச்சைக் கல், ஒன்று வெள்ளைச் சிப்பி, ஒன்று கரி என்று நிறத்துக்கு ஒன்றாக. நம் சூரியன் தேருக்கு ஏழு குதிரை. இந்த இரண்டு ஊருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, வானத்தில் வேகமாகப் போகிறவனுக்கு மனிதன் கண்ட மிக வேகமான மிருகத்தைக் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக் குதிரையின் பிறப்பிடம் இன்று மரபணு ஆய்வில் ஓரளவு தெளிவாகிவிட்டது. வோல்கா, டான் ஆறுகளுக்கு நடுவிலிருக்கும் புல்வெளியிலிருந்து கி.மு. 2200 வாக்கில் புறப்பட்டு சில நூற்றாண்டில் ஐரோப்பா, ஆசியா முழுக்கப் பரவியது என்று 2021இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. அதாவது மற்ற எல்லோருக்கும் ஏதோ ஒரு நாளில் அது புது மிருகம்.

இப்போது தண்ணீருக்கு வருவோம், இதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பாற்கடலைக் கடைந்தபோது உச்சைச்சிரவம் என்ற வெள்ளைக்குதிரை எழுந்து வந்தது. அதன் வால் வெள்ளையா கறுப்பா என்று காசியபரின் மனைவிகளான கத்ருவும் வினதையும் பந்தயம் கட்டினார்கள். ஜெயிக்க வேண்டும் என்று கத்ரு தன் பாம்புப் பிள்ளைகளைப் போய் வாலில் கறுப்பு மயிராகத் தொங்கச் சொன்னாள். மாட்டேன் என்ற பிள்ளைகளை நெருப்பில் விழுந்து சாகச் சபித்தாள். ஜனமேஜயனின் சர்ப்ப யாகம் வந்தது அந்தச் சாபத்தால்தான், வினதை அடிமையானதும் அவள் மகன் கருடன் பாம்புக்குப் பகையானதும் இந்த ஒரு வாலால்தான். நாகராஜாவின் பெயரிலேயே ஊர் வைத்திருக்கிற நமக்கு இந்தக் கதை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கிரேக்கத்திலும் குதிரை கடல் தேவனின் பிள்ளை. பொசைடன் கடலுக்கும் நிலநடுக்கத்துக்கும் குதிரைக்கும் ஒரே அதிபதி. அவனுக்கும் பாம்புக் கூந்தல்காரி மெதூசாவுக்கும் உருவான பெகாசஸ், பெர்சியஸ் என்ற வீரன் அவள் கழுத்தை வெட்டியபோது அந்த இரத்தத்திலிருந்து இறக்கையோடு பாய்ந்தது. எல்லோரும் இறக்கையை நினைவு வைத்திருக்கிறார்கள், கிரேக்கர்களோ அந்தப் பெயரையே ஊற்று என்ற சொல்லோடு சேர்த்துத்தான் விளக்கினார்கள். ஹெலிகான் மலையில் அதன் குளம்பு பட்ட இடத்தில் நீர் பீறிட்டது, அந்தக் குதிரை ஊற்றைக் குடித்தால் கவி வரும் என்று நம்பினார்கள். சீனத்தில் மஞ்சள் ஆற்றிலிருந்து டிராகன்குதிரை ஒன்று முதுகில் ஒரு வரைபடத்தோடு ஏறி வந்து ஃபூ-சி என்ற அரசருக்குக் காட்டியது என்பார்கள்.

நம்மிடம் இன்னும் பெரிய ஒன்று இருக்கிறது: வடவைத்தீ. ஔர்வர் என்ற முனிவர் தன் குலத்தைக் கொன்றவர்கள் மேல் கொண்ட கோபத்தை, உலகம் எரிந்துவிடும் என்று முன்னோர் கெஞ்சியதால் கடலில் விட்டார். அது பெண்குதிரை முகத்தோடு கடலடியில் எரிந்துகொண்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. எத்தனை ஆறு விழுந்தாலும் கடல் ஏன் நிரம்பி வழியவில்லை என்பதற்கு நம் முன்னோர் வைத்திருந்த பதில் இது. ஆரியபட்டர் வடவாமுகம் என்ற இந்தக் குதிரைமுகத்தைப் பூமியின் தென்கோடியில், நீரின் நடுவில் வைத்தார். முக்கடல் பாறையில் நின்று தெற்கே பாருங்கள் தம்பி, அண்டார்டிகா வரைக்கும் ஒன்றிரண்டு பொட்டுத் தீவைத் தவிர நிலமே கிடையாது. அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு குதிரை எரிகிறது என்று ஒருவன் நினைத்திருக்கிறான். சின்ன வயதில் இதைக் கேட்டுவிட்டு சாயங்காலம் சங்குத்துறைக் கடற்கரையில் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் ஸ்காட்லாந்தில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை, அங்கேயும் தண்ணீர்க் குதிரை உண்டு. நான் சொன்னது பொருந்தாத இடம் இதுதான். கெல்பி என்று பெயர். ஏரிக்கரையில் அழகான குட்டிக்குதிரையாக நிற்கும். பிள்ளைகள் ஏறினால் தோல் பசை போல ஒட்டிக்கொள்ளும், அப்படியே நீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு பையன் விரலை மட்டும் வைத்துவிட்டு, ஒட்டிக்கொண்டதும் விரலை வெட்டித் தப்பினான் என்று கதை. ஐஸ்லாந்தில் இதற்குக் குளம்பு பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். இது சாமிக் கதை கிடையாது, தாய்மாரின் கதை. நாஞ்சில் நாட்டில் இத்தனை குளம் இருக்கிறதே, உச்சிவேளையில் தனியாகக் குளத்துக்குப் போகாதே, மாடன் நிற்பான் என்று சொல்லி வளர்க்காத வீடு உண்டா? அங்கே குதிரை, இங்கே மாடன், பயம் ஒன்றுதான். ஓர்க்னி தீவில் சொல்லும் நக்கலவீ இன்னும் கோரம்; குதிரையும் அதன் மேல் மனிதனும் ஒட்டிப்பிறந்த மாதிரி, தோலே இல்லாமல், கடலிலிருந்து வரும். நல்ல தண்ணீர் மட்டும் அதற்கு ஆகாது. ஓடையைத் தாண்டி ஓடிவிட்டால் பிழைத்தோம்.

எங்கள் ஆச்சி சொல்வார், சாஸ்தா நடுராத்திரியில் குதிரையில் ஊரைச் சுற்றுவார், குளம்புச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்கக் கூடாது என்று. இதற்கு அச்சு அசலாக ஒன்று பால்டிக் கடலோரத்தில் கிடைத்தபோது நான் ஆடிப்போனேன். ஜெர்மனியின் ரூகன் தீவில் ஆர்க்கோனா என்று ஒரு முனை, நம் குமரி முனை மாதிரியே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஸ்வந்தோவித் என்ற ஸ்லாவியத் தெய்வத்துக்குக் கோயில். கோயிலுக்கென்று ஒரு வெள்ளைக்குதிரை, பூசாரி தவிர யாரும் ஏற முடியாது. காலையில் லாயத்தைத் திறந்தால் அது வியர்த்துச் சேறாகி நிற்கும், இரவெல்லாம் சாமி எதிரிகளோடு சண்டைக்குப் போய்வந்ததாகச் சொல்வார்கள். போருக்கு முன் ஈட்டிகளைத் தரையில் நட்டு அதை நடக்கவிடுவார்கள், வலதுகாலை முதலில் வைத்தால் வெற்றி. 1168இல் டேனியர்கள் படையெடுத்து வந்து அந்தக் கோயிலை அழித்தார்கள். எங்கள் ஆச்சி ரூகன் தீவைக் கேள்விப்பட்டதே கிடையாது.

வட ஐரோப்பாவில் ஓடின் என்ற தெய்வம் ஏறுகிற ஸ்லெய்ப்னிர் என்ற குதிரைக்கு எட்டுக் கால். ஏன் எட்டு என்பதற்கு வேகம் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கத்து முரியா கோண்டு பழங்குடி மக்களின் சாவுப்பாட்டில், "இது என்ன குதிரை, இதற்கு எட்டுக் கால்" என்று வரும், பாடையைத்தான் சொல்கிறார்கள், நான்கு பேர் தூக்கினால் எட்டுக் கால்தானே. ஸ்லெய்ப்னிரும் இறந்தவர் உலகத்துக்குப் போய்வருகிற குதிரை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த அறிஞர்கள் உண்டு. நிரூபிக்க முடியாது, ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்க முடியாது.

ஒற்றைக் கொம்புக்கு வருகிறேன். இது நம் நாட்டிலிருந்து போன வதந்தி. கி.மு. 400 வாக்கில் பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த க்டேசியஸ் என்ற கிரேக்கர், இந்தியாவில் வெள்ளை உடம்பும் ஒற்றைக் கொம்பும் உள்ள காட்டுக்கழுதை உண்டு, அந்தக் கொம்பில் குடித்தால் விஷம் ஏறாது என்று எழுதிவைத்தார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பெரும்பாலும் காண்டாமிருகத்தைப் பற்றிக் காதில் விழுந்ததுதான். அப்புறம் பழைய ஏற்பாட்டை கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ரேம் என்ற எபிரெயச் சொல்லுக்கு ஒற்றைக்கொம்பன் என்று போட்டார்கள், 1611இல் வந்த ஆங்கில பைபிளிலும் அது யூனிகார்ன் ஆகவே நின்றது. நம் தமிழ் பைபிளில் என்ன இருக்கிறது தெரியுமா? "என் கொம்பைக் காண்டாமிருகத்தின் கொம்பைப்போல உயர்த்துவீர்." சங்கீதம் 92, நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்! மூலத்தில் அது காட்டெருதாக இருக்க வேண்டும் என்பது இன்றைய அறிஞர்களின் கருத்து. ஆனாலும் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் கற்பனை மிருகத்தை விட்டு நிஜ மிருகத்துக்கு வந்துவிட்டார்கள், எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. ஐரோப்பாவில் யூனிகார்ன் கொம்பு என்று தங்கத்துக்கு மேலான விலைக்கு விற்றதோ வடகடல் நார்வால் திமிங்கிலத்தின் பல். 1638இல் ஓலே வோர்ம் என்ற டேனிய மருத்துவர் அதை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தார்.

யாளி உயிரோடு இருந்ததா என்றால், இல்லை. இப்போது காணொளிகளில் டைனோசருக்கு அண்ணன் மாதிரி அதைப் பேசுகிறார்கள், ஓர் எலும்புகூடக் கிடைத்ததில்லை. சங்கப் பாட்டில் யானையை அடிக்கிற ஆளி உண்டு, அது சிங்கத்தின் பயங்கரத்தை இன்னும் பெருக்கிச் சொன்ன மிருகமாகவே எனக்குப் படுகிறது. சிற்பி அதற்கு யானைத் துதிக்கை வைத்தான், சிங்க உடல் வைத்தான், சில கோயில்களில் குதிரை முகமும் வைத்தான். சுசீந்திரம் பிரகாரத்து யாளி முன்னால் நின்று பார்த்தால், உயிரோடு இருந்ததா என்று கேட்பதைவிட ஒரே கல்லில் இதை எப்படிக் குடைந்தான் என்று கேட்கத்தான் தோன்றும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு, சேர்த்தே சொல்கிறேன். கண்ணன் கொன்ற கேசி குதிரை வடிவத்து அசுரன், ஆண்டாள் "மாவாய் பிளந்தானை" என்று பாடியது அவனைத்தான். மா என்றால் இங்கே குதிரை. திருவட்டாறில் பெருமாள் அடக்கியதாகச் சொல்கிற கேசன் வேறு கதை, ஆறு வட்டமடித்து ஓடுவதோடு சேர்ந்த தலபுராணம். பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒட்ட வேண்டாம்.

உயிரோடு ஒன்றாவது இருந்ததா என்றீர்களே. பொசைடனின் தேரை இழுத்தது ஹிப்போகாம்பஸ், முன்பாதி குதிரை, பின்பாதி மீன். அந்தப் பெயரைத்தான் விஞ்ஞானிகள் கடல்குதிரைக்கு வைத்தார்கள். விரல் நீளம், நிமிர்ந்து நீந்தும், பாசியில் வாலைச் சுற்றிக்கொள்ளும், ஆண்தான் பையில் குஞ்சு சுமக்கும். நம் கடலிலும், இன்னும் அதிகமாக மன்னார் வளைகுடாவிலும் வலையில் மாட்டும். 2001இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் பிடிப்பதும் விற்பதும் குற்றம். அடுத்த தடவை கரைமடி இழுக்கிற இடத்துக்குப் போனால் குப்பை மீனுக்கு நடுவில் பாருங்கள், அது உயிரோடு கிடந்தால் அண்ணன்மாரிடம் சொல்லி அலைக்குள் விட்டுவிடச் சொல்லுங்கள்.